தாருக்கு 285 டயர் போடலாமா? போடி மெட்டைத் தாண்டினால் சட்டம் என்ன சொல்லும்?

மெட்டுக்காரன் (போடிநாயக்கனூர்)

அனைவருக்கும் வணக்கம். வண்டி 2021 மஹிந்திரா தார், டீசல், ஏ.எக்ஸ். வகை. கம்பெனி கொடுத்த டயர் 245/75 ஆர்16. முன்டயர் இரண்டும் கட்டை தேய்ந்து மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெரிதாகப் போட்டுவிடலாமே என்று ஒரு யோசனை.

தோட்டம் போடி மெட்டைத் தாண்டி, கேரளத்துப் பூப்பாறைக்கு அப்பால். கடைசிப் பகுதியில் சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. உருட்டுக் கல், மழைக்காலத்தில் முழங்கால் சேறு. ஏலக்காய் மூட்டையோடு இறங்கும்போது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை கல்லில் இடிக்கிறது. டயர் விற்பவர் ஒருவர் 285/75 ஆர்16 போடச் சொல்கிறார். கூடவே வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் பிரச்சினையே இல்லை என்கிறார். ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரை மெட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, டயர் வெளியே துருத்துகிறது என்று அபராதம் எழுதிவிட்டார்கள்.

இந்த அளவு உரசாமல் உட்காருமா, சட்டப்படி சரியா, இன்சூரன்ஸ் பாதிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டயர்கடை மதுரை

மெட்டுக்காரரே, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 245/75 ஆர்16 என்றால் டயர் அகலம் 245 மி.மீ., ரிம்மின் விட்டம் 16 அங்குலம். அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவர். அது மேலும் கீழும் இரண்டு முறை வரும். அதோடு ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் மொத்த விட்டம்.

245/75 ஆர்16 என்றால் 774 மி.மீ. 285/75 ஆர்16 என்றால் 834 மி.மீ. வித்தியாசம் 60 மி.மீ., கிட்டத்தட்ட 7.75 சதவீதம். இதில் தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது பாதிதான், 30 மி.மீ. மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே போய் மட்கார்டை உரசும்.

வண்டியைத் தூக்குவது பற்றி ஒன்று சொல்லவேண்டும். தாருக்கு முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் ஒரே முழு ஆக்சில். ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கினால் உயர்வது பாடிதான். பின் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், டிஃபரன்ஷியல் அதே கல்லில் அதே மாதிரி இடிக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றே வழி. "தூக்கினால் இடிக்காது" என்று சொன்னவர் விற்கப் பார்க்கிறார்.

உரசுமா என்றால், நேராக ஓடும்போது உரசாது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு முன்சக்கரம் பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் நிற்கும்போதுதான் தெரியும். பம்பரின் கீழ் ஓரமும் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையின் பின்பகுதியும் முதலில் மாட்டும். கடை வாசலில் சமதரையில் நிறுத்தி "பாருங்கள், இடம் இருக்கிறது" என்று காட்டுவது சோதனை அல்ல. 285 அகலத்துக்கு ரிம்மும் எட்டு அங்குல அகலம் வாக்கில் வேண்டும். அப்போது ஆஃப்செட் குறைந்த, அதாவது சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளி வைக்கும் ரிம் போடச் சொல்வார்கள், டயர் மட்கார்டை விட்டு வெளியே வரும். உங்கள் ஊர்க்காரருக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. கம்பெனி டயரில் 80 என்று காட்டும் அதே சுற்றுக்கு இந்த டயரில் வண்டி 86 போகும். கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைப்பதால் பாதி மறைந்துவிடும். முழுவதும் மறையாது. ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். எனவே "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பத்து சதவீதம் விழுந்துவிட்டது" என்று சொல்பவர்களின் கணக்கில் பெரும்பகுதி மீட்டர் செய்த வேலை.

கறுப்புக்கோட்டு

சட்டத்தை நான் சொல்கிறேன். கட்டணம் கிடையாது, ஏலக்காய் அனுப்பினால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. இதைக் கேரளத்தில் நெகிழ்வாகப் படிக்க உயர் நீதிமன்றம் இடம் கொடுத்திருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் எதிர் கே. ஜெயச்சந்திரா வழக்கில், அந்தக் கதவை மூடிவிட்டது. உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்கு கேரளத்திலிருந்து போனது என்பதை மெட்டுக்காரர் கவனிக்கவேண்டும்.

அதே 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு 182ஏ பிரிவு வந்தது. அதன் 4-ஆம் உட்பிரிவின்படி, அனுமதியில்லாத விதத்தில் உதிரிபாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கோடிட்டுப் படியுங்கள். டயர் ஒன்று, ரிம் ஒன்று, சஸ்பென்ஷன் தூக்கியது ஒன்று, கூரையில் விளக்கு வரிசை ஒன்று. நான்கு டயரும் நான்கு மாற்றமா என்று என்னிடம் ஒரு கட்சிக்காரர் கேட்டார். அந்த யோசனையை அதிகாரிக்கு நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

காருக்குள் நீச்சல் குளம் அமைத்துப் படம் பிடித்த யூடியூபர் விவகாரத்தில் 2024-இல் கேரள உயர் நீதிமன்றமே தலையிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது.

ஜிம்னி கோவை

வக்கீல் சாரிடம் மரியாதையோடு முரண்படுகிறேன். பிரிவு 52-இன் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. "மாற்றம்" என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அதில் இருக்கிறது. டயர் எப்படிக் கட்டமைப்பாகும்? தேய்ந்தால் கழற்றி எறிகிற பொருள் அது.

அடுத்தது. உங்கள் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்கும். டயர் அளவு இருக்காது. டயரின் அளவையும் எண்ணிக்கையையும் பதிவுப் படிவத்தில் கேட்பது சரக்கு வண்டி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத்தான். சொந்த உபயோக வண்டிக்குக் கேட்பதே இல்லை. பதிவுச் சான்றில் இல்லாத ஒரு விவரம் எப்படி அதிலிருந்து "வேறுபட" முடியும்?

நான் மாருதி ஜிம்னியில் 195/80 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கோவை, ஊட்டி, வால்பாறை எங்கும் ஒருவரும் கேட்கவில்லை.

கறுப்புக்கோட்டு

நல்ல வாதம். என் கட்சிக்காரருக்காக நானே இதை வைப்பேன், ஓரளவு நம்பிக்கையோடும் வைப்பேன். ஆர்.சி.யில் டயர் அளவு இல்லை என்பது உண்மை. கட்டமைப்பு என்ற சொல்லும் உங்கள் பக்கம்தான் சாய்கிறது.

ஆனால் 182ஏ(4) ஆர்.சி.யைப் பற்றிப் பேசவில்லை. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத விதத்தில் பாகங்களைப் பொருத்துவதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் வண்டி சந்தைக்கு வருமுன் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் வகை ஒப்புதல் பெற்றது. அந்த ஒப்புதலில் டயர் அளவும் உண்டு. பிரேக், மீட்டர் எல்லாவற்றையும் அந்த டயரோடுதான் சோதித்தார்கள். அதிகாரி அங்கிருந்து தொடங்குவார். ஜெயச்சந்திரா தீர்ப்பு அவருக்குத் துணை நிற்கும்.

"யாரும் கேட்கவில்லை" என்பது சட்ட நிலை அல்ல, நண்பரே. வால்பாறைச் சாலையில் யாரும் கேட்காதது உங்கள் அதிர்ஷ்டம். மெட்டுக்காரர் வாரம் முழுவதும் மாநில எல்லையைத் தாண்டுகிறவர். நீதிமன்றத்தில் ஜெயிக்கக்கூடிய வாதம் வேறு, மூட்டையோடு வழியில் நிறுத்தப்படாமல் போவது வேறு.

அவருக்கு நான் சொல்லும் எல்லை எளியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு டயர் அளவு இருக்கும். உரிமையாளர் கையேட்டில் உங்கள் மாடலுக்கு என்னென்ன அளவுகள் என்று இருக்கும். அதற்குள் இருந்தால் எவரிடமும் வாதாடவேண்டியதில்லை. அதற்கு வெளியே போனால் வாதாடத் தயாராகப் போங்கள். பெரிய டயருக்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 52-ஆம் பிரிவு எரிவாயுவுக்கு மாறுவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைப்பதற்கும் வழி வைத்திருக்கிறது. டயருக்கு அப்படித் தனி வழி எதுவும் அதில் இல்லை.

சிட்னி சாலையோடி

இங்கே இருப்பதைச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆஸ்திரேலியாவில் நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களுக்குப் பெரிய டயர் தடை இல்லை, அளவுதான் உண்டு. தேசிய அளவிலான வழிகாட்டு விதித் தொகுப்பின்படி, உற்பத்தியாளர் அந்த வண்டிக்குக் குறித்த டயரைவிட விட்டத்தில் 50 மி.மீ. வரை கூடலாம். சாதாரணக் காருக்கு 15 மி.மீ. மட்டும். அதைத் தாண்டினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தரவேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சில்லறை வேறுபாடுகள் உண்டு. டயர் மட்கார்டுக்கு வெளியே தெரியக் கூடாது. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது.

மெட்டுக்காரர் கேட்கும் 60 மி.மீ. இங்கேயும் சான்று இல்லாமல் ஓடாது. இந்தியாவிலும் இப்படி ஓர் எண்ணைப் போட்டு எழுதிவைத்தால் பாதிச் சண்டை தீரும். "உற்பத்தியாளர் சொன்னதே வேதம்" என்பதும், "யாரும் கேட்கவில்லை" என்பதும் இரண்டு முனைகள். நடுவில் ஓர் எண் இல்லாததால்தான் எல்லாம் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்துப் போகிறது.

பழைய மேஜர்

எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் சேற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளை மெட்டுக்காரர் பார்த்திருப்பார். பாதை முழுக்கப் பாறை. பழைய ஜீப்புகளுக்கு இருந்த டயர் 6.00-16, இன்றைய கண்ணுக்குச் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லி. மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் இருக்கிற மலைப்பாதையில் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய்க் கெட்டியைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். அகலம் உதவுவது மணலில். போடியிலிருந்து பூப்பாறை வரை எங்கே ஐயா மணல்?

அந்த ஓட்டுநர்களின் வித்தை டயரில் இல்லை. எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் ஏற்றவேண்டும் என்று தெரிந்து ஏற்றுவார்கள். டிஃபரன்ஷியல் இடிக்கும் கல்லை ஒதுக்கி இரு சக்கரத்துக்கும் நடுவில் விடாதீர்கள். அதன் மேலேயே ஒரு சக்கரத்தை ஏற்றுங்கள். ஆக்சிலே அந்தப் பக்கம் உயர்ந்துவிடும். செலவு பூஜ்யம்.

டயர் கட்டையின் உருவத்தைப் பாருங்கள், அளவைப் பிறகு பார்க்கலாம். கம்பெனி அளவிலேயே சாலைக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான நல்ல ஆல்-டெரெய்ன் டயர் கிடைக்கிறது. பக்கச்சுவர் தடிமனாக உள்ளதை எடுங்கள். தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் நிரப்புங்கள். ஒரு சின்ன காற்றடிக்கும் பம்ப் வாங்கும் காசு இரண்டு அங்குலம் தூக்கும் காசில் எத்தனை பங்கு என்று கணக்குப் போடுங்கள்.

மெட்டுக்காரன் (போடிநாயக்கனூர்)

மேஜர் ஐயா சொல்வது மனதில் படுகிறது. ஆனால் கல் வருடத்துக்கு வருடம் வளர்கிறது ஐயா, மழை மண்ணை அரித்துவிடுகிறது. கொஞ்சமாவது உயரம் வேண்டும்.

இரண்டு கேள்விகள். எல்.எக்ஸ். தாரில் 255/65 ஆர்18 வருகிறதே, அதை ரிம்மோடு வாங்கி என் ஏ.எக்ஸில் போட்டால் வக்கீல் சார் சொன்ன எல்லைக்குள் வருமா? பட்ஜெட் இடித்தால் நான்கு மட்டும் மாற்றிவிட்டு, ஸ்டெப்னி பழையதாகவே இருக்கட்டும் என்று விடலாமா?

டயர்கடை மதுரை

255/65 ஆர்18 விட்டம் 789 மி.மீ. உங்களுடையதைவிட 15 மி.மீ. கூடுதல், 1.9 சதவீதம். தரையிலிருந்து 7 மி.மீ. சொச்சம் உயரும், அவ்வளவுதான். ஆனால் பக்கச்சுவர் 184 மி.மீ.யிலிருந்து 166-ஆகக் குறையும். காற்றைக் குறைத்துக் கல்லில் ஏறுகிறவருக்கு அது நஷ்டம், ரிம் அடி வாங்கும். பார்க்க அழகு, தோட்டத்துக்கு 16 அங்குலமே மேல்.

உயரம் வேண்டுமென்றே நின்றால் 265/75 ஆர்16 இருக்கிறது, 804 மி.மீ. தரையில் 15 மி.மீ. கிடைக்கும். பெரும்பாலும் உரசாமல் உட்காரும், மீட்டர் 3.9 சதவீதம் தள்ளும். ஆனால் அது வக்கீல் சாரின் எல்லைக்கு வெளியே. முடிவு உங்களுடையது.

ஸ்டெப்னி விஷயத்தில் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். தாரில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். நடுவில் வித்தியாசத்தை விழுங்க எதுவும் இல்லை. தோட்டத்தில் பஞ்சராகி, 774 மி.மீ. ஸ்டெப்னியை மற்ற மூன்று 834-ஓடு மாட்டி 4 லோவில், அதாவது நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேகக் கியரில், ஏறினால், இரு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும். லீவர் விடுபடாது, பற்சக்கரம் முனகும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பித்துக்கொள்ளும், காய்ந்த பாறையில் தப்பிக்காது. ஐந்தும் ஒரே அளவு, முடிந்தால் ஒரே தேய்மானம்.

பெரிய ஸ்டெப்னிக்கும் ஒரு விலை உண்டு. அது தொங்குவது பின்கதவில். கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கூடுதல் எடையைக் கீல் தாங்கவேண்டும். கதவு சற்றே தொய்ந்து, பூட்டு நாக்கு தகட்டின் கீழ் ஓரத்தில் பளபளவென்று ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு தெரிந்தால் கீல் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று இடம் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இல்லாமல் மலிவாக வரும் வெளிநாட்டு டயரைத் தொடாதீர்கள். தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் இருக்கும். பிறகு சுமைக் குறியீடு. 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது, நீங்கள் மூட்டை ஏற்றுகிறவர்.

சர்வேயர் திண்டுக்கல்

இன்சூரன்ஸ் கேள்வியை யாரும் தொடவில்லை. விபத்து வண்டிகளைப் பார்ப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில் கம்பெனி எளிதாகக் கழன்றுகொள்ள முடியாது. உரிமம் இல்லாத ஓட்டுநர், குடிபோதை என்று சட்டம் காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. டயர் அளவு அதில் நேரடியாக இல்லை. சிக்கல் வருவது உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும்போது. வண்டியில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டியது உரிமையாளரின் கடமை. நான் அறிக்கை எழுதும்போது டயர் அளவைக் குறிக்கத்தான் வேண்டும். நிறுத்தி வைத்திருந்த வண்டியில் மரம் விழுந்தால் டயரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான். தூக்கிய வண்டியும் அகல டயரும் அந்தக் கவிழ்தலுக்குக் காரணம் இல்லை என்று நிரூபிக்க உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் மின்னஞ்சலில் கம்பெனிக்கு எழுதிப் பதிலை வாங்கி வையுங்கள். முகவர் வாயால் "பரவாயில்லை சார்" என்று சொல்வது காகிதத்தில் இருக்காது.

ஜிம்னி கோவை

நான் எதையும் கழற்றப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சர்வேயர் சொன்ன மின்னஞ்சலை இன்று அனுப்புகிறேன். பதில் "கூடாது" என்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்!

சர்வேயர் திண்டுக்கல்

"கூடாது" என்று வந்தால் 215/75 ஆர்15-க்கு இறங்கிவிடுங்கள். கம்பெனி டயரின் விட்டம் 693 மி.மீ., இது 703, வெறும் பத்து மி.மீ. சொச்சம்தான் கூடுதல். அதற்கும் சேர்த்து எழுதிக் கேளுங்கள், ஒரே மின்னஞ்சலில் முடியும். உங்களுடையது ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 235-ஐப் போட்டு ஊட்டி ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே தவித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜிம்னி கோவை

தவிப்பது உண்மை. பொதுவெளியில் கேட்டிருக்கவேண்டாம்.

மெட்டுக்காரன் (போடிநாயக்கனூர்)

எல்லாருக்கும் நன்றி. கம்பெனி அளவான 245/75 ஆர்16-லேயே ஆல்-டெரெய்ன் ஐந்து வாங்குகிறேன், கூடவே காற்றடிக்கும் பம்ப். தூக்குகிற வேலை வேண்டாம். கல் வளர்ந்திருக்கும் இடத்தை இரண்டு ஆள் கூலி கொடுத்துக் கடப்பாரையால் பெயர்த்துப் பள்ளத்தில் போட்டுவிடலாம் என்று தம்பி சொல்கிறான். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வீட்டில் கேட்கிறார்கள்.

டயர்கடை அண்ணா, அடுத்த வாரம் மதுரை வருகிறேன். பழைய ஐந்தையும் எடுத்துக்கொள்வீர்களா? பின்டயர் இரண்டில் கட்டை இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது.

டயர்கடை மதுரை

கொண்டுவாருங்கள். கட்டை இருந்தாலும் பக்கச்சுவரில் கல் வெட்டிய காயம் இருந்தால் விலை கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன். அலைன்மெண்ட் பார்க்க வண்டியைக் காலையில் விடவேண்டும். மதியத்துக்கு மேல் வரிசை நீண்டுவிடும். வக்கீல் சாருக்கான ஏலக்காயையும் மறக்காதீர்கள், என் கடையிலேயே வைத்தால் அவர் வந்து வாங்கிக்கொள்வார்.